தூக்குச்சட்டியில் வந்த கொய்னா

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு ஒரு தொல்லை உண்டு. பிரிக்பீல்ட்ஸில் எந்த வீட்டில் வழக்கென்றாலும் கூப்பிட்டு விடுவார்கள். அந்தத் தடவை அடுத்த வீடு. ரயில்வேயில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர் மலேரியாவில் படுத்திருந்தார். அவரைப் பார்த்துக்கொள்ளக் கிள்ளானிலிருந்து ஒரு விதவையை அமர்த்தியிருந்தார்கள். மலேரியாவுக்குத் தரும் கொய்னா மாத்திரைகளை அவள் திருடுகிறாள் என்று என்னிடம் முறையிட்டாள் அவருடைய மருமகள்.

“இவ தம்பி பந்திங் தோட்டத்துல காய்ச்சல்ல கெடக்கான் மாமா. வேற யாரு எடுப்பா? போலீசுக்குச் சொல்லப்போறேன்.”

“நான் தொடல ஐயா,” என்றாள் அந்தப் பெண். “போலீசு வந்துட்டா அப்புறம் எந்த வீட்டுல என்னைச் சேப்பாங்க?”

எடுக்கக் காரணம் இருப்பது வேறு, எடுத்தது வேறு என்றேன். எடுத்ததைப் பார்த்த சாட்சி யார் என்று கேட்டேன். மருமகள் பார்த்த பார்வையில் நானும் கூட்டாளியாகிவிட்டேன். உண்மையில் அந்தப் பெண்ணை நானும் நம்பவில்லை. வாதாடுவதற்கு நம்பிக்கை அவசியமில்லை.

அன்று மாலை, நோயாளிக்கு என் மனைவி ரசம் கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டியை அந்தப் பெண் திருப்பிக் கொண்டுவந்தாள். உள்ளே காகிதத்தில் மடித்த கொய்னா.

“உங்க வாயை அடைக்கவா?” என்றாள் மனைவி. எனக்கும் அப்படித்தான் பட்டது.

“அங்க படுத்திருக்கிற ஐயாதான் மூடிக் குடுத்தாரு. நான் தொறக்கவே இல்ல,” என்றாள் அவள்.

சட்டியோடு நேரே நோயாளியிடம் போனேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“என்னப்பா செய்யச் சொல்றே? வந்த ஏனத்தை வெறுமனே திருப்பி அனுப்பலாமா? மருமக சாமான் அலமாரியப் பூட்டி வெச்சிருக்கா. என் கைக்கு எட்டுறது இந்த மாத்திரைப் புட்டி ஒண்ணுதான்.”

பார்க்க வந்தவர்கள் சாப்பாடு கொண்டுவந்த பாத்திரமெல்லாம் கொய்னாவோடு திரும்பியிருந்தது. இலவச மருந்தைப் பற்றி யார் வாய் திறப்பார்கள்?

மருமகள் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். திருட்டுக் கதையைக் குழாயடியில் பரப்பியவள் அங்கேயே போய் மறுக்க வேண்டும் என்றேன். போனாள்.

“அவ எடுக்கல.”

“அப்ப யாரு எடுத்தா?” என்றார்கள் பெண்கள்.

மாமனாரைச் சொன்னால் பூட்டையும் சொல்ல வேண்டும். “நான்தான் தப்பா எண்ணிட்டேன்.”

“வெங்காயத்தையே எண்ணி எடுத்துக் குடுக்கிறவ, மாத்திரையத் தப்பா எண்ணுவியாக்கும்!” என்றாள் ஒருத்தி. சந்தேகம் இடம் மாறிவிட்டது.

நிறைமாதமாயிருந்த இன்னொருத்தி, தண்ணீருக்கு வந்த அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். “அக்கா, என் பிரசவத்துக்கு நீங்க வாங்க.”

“வரேன். ஆனா மருந்தை நீங்களே எடுத்துக் குடுக்கணும். புட்டியை நான் தொடமாட்டேன்,” என்றாள் அவள்.