உம்பா என்றால் என்ன?

நான்தான் அந்தப் பெயரை வைத்தேன். வேறு எவருக்கும் அந்தப் பாவத்தில் பங்கில்லை.

திருகோணமலைத் துறைமுகத்தில் என்னோடு கப்பல்களுக்கு வர்ணம் பூசுகிறவன் பஸ்தியான். அவனுடைய முன்னோர்களைப் போர்த்துக்கீசர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்து இறக்கினார்களாம். கறுவல், சுருட்டை முடி, வாய் திறந்தால் துள்ளலான பைலாப் பாட்டு. ஒரு சனிக்கிழமை படமாளிகையில் முதலில் ஒரு கார்ட்டூன் போட்டார்கள். மூக்கில் எலும்பு குத்திய கறுத்த மனிதர்கள் ஒரு வெள்ளைக்காரனைக் கிடாரத்தில் அவித்துக்கொண்டு, "உம்பா, உம்பா" என்று சுற்றிச் சுற்றி ஆடினார்கள். வயிறு நோகச் சிரித்தேன். திங்கட்கிழமை காலை, "வாடா உம்பா" என்றேன்...

துறைமுகமே சிரித்தது. அவனும் சிரித்தான், இரண்டு அடி ஆடியும் காட்டினான். அவன் சிரித்தால் போதாதா? உங்களைத்தான் கேட்கிறேன். எனக்கு அன்று போதுமாக இருந்தது. சில வருடங்களில் அவனுடைய சொந்தப் பெயரே எனக்கு மறந்துபோயிற்று.

என் கல்யாணத்துக்குச் சொல்ல முதன்முதலாக அவன் குடியிருந்த சின்ன ஒழுங்கைக்குப் போனேன். ஒரு வாசலில் நின்ற பெண்ணிடம் உம்பாவின் வீடு எது என்று கேட்டேன்.

"அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லையே தம்பி. ஆள் எப்பிடி?"

"கறுவல்... சுருட்டை முடி."

"இந்த ஒழுங்கையில எல்லாரும் அதுதானே" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்தவன் அவனேதான். அவள் அவனுடைய மனைவி றோசலின். தினமும் துறைமுக வாசலிலேயே அவன் கழற்றிவைத்துவிட்டு வந்த பெயரை, நான் அவன் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

"உம்பா எண்டா என்ன?" என்று அவள் கேட்டாள். 

"அது படத்தில வாற ஒரு வீரன்" என்றான் அவன், என் முகத்தைப் பார்க்காமல்.

அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. கல்யாண வீட்டில் அவன் பைலா பாட, "என்ர உம்பா பாடுறார்" என்று எல்லாரிடமும் சொன்னாள். அதன்பிறகு இத்தனை வருடமாக வீட்டிலும் அவன் உம்பாதான். எத்தனையோ முறை அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம்... சந்தோஷமாய்த்தானே இருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

போன கிழமை எங்கள் வீட்டுக்கு டெலிவிஷன் வந்தது. நேற்று முதல் ஆட்களாக அவர்கள் இருவரையும் கூப்பிட்டேன். தேத்தண்ணி, பலகாரம், ஒரே பகிடியும் சிரிப்பும். அப்போது அதே கார்ட்டூன் வந்தது. எலும்பு, கிடாரம், உம்பா, உம்பா...

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது! பாதிச் சிரிப்பில் திரும்பிப் பார்த்தேன். றோசலின் சிரிக்கவில்லை. அவன் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் எழுந்தாள். "பஸ்தியான், வீட்ட போவம்" என்றாள்.

நாளை திங்கட்கிழமை. துறைமுக வாசலில் அவனைக் கூப்பிட வேண்டும். காலையிலிருந்து அந்தப் பெயரைத் தனியே சொல்லிப் பழகுகிறேன்... நாக்கு உம்பாவிடமே போய் நிற்கிறது.