ரேஸ் இறங்காத வண்டி

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வர வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியவில்லை. இது பட்டப்பகலில், சித்திரை வெயிலில், ஜி.எஸ்.டி ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போது நடந்தது. கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் இரும்புலியூர் போய் மெக்கானிக் கோபுவின் வலது கையைப் பார்த்துவிட்டு வரட்டும். அந்த மணிக்கட்டு இன்னும் முழுசாகத் திரும்புவதில்லை.

கோபு கெட்டிக்காரன். கூடவே கொஞ்சம் திமிரும் உண்டு. வண்டியைத் தொடவே மாட்டான். சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவான். தெருமுனையில் வண்டி திரும்பும்போதே, "செயின் லூசு, டேப்பட் அடிக்குது" என்று பட்டறையிலிருந்து குரல் கொடுப்பான். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு, அதற்கும் பின்னால் ஏரிக்கரை. இவன் காதை அடகு வைத்தால்கூட நல்ல விலை போகும் என்று மனைவி சரிதா கிண்டல் செய்வாள்.

அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கங்கையம்மாள் ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஊரின் பழைய குடும்பம். நெல் விளைந்த நிலத்திலெல்லாம் இப்போது வாடகை வீடுகள் நிற்கின்றன. பணத்துக்குக் குறைச்சல் இல்லை, ஆனால் வீட்டில் பிள்ளை இல்லை. ஒரே மகன் சக்தி, போன ஆயுத பூஜை அன்று ஏரிக்கரையில் வண்டியோடு விழுந்து செத்துப்போனான். ஸ்பாட்டிலேயே உயிர் போய்விட்டது என்று ஊரே பேசிக்கொண்டது. கோபுவும் கேள்விப்பட்டு உச்சுக் கொட்டியிருந்தான்.

இது அந்த சக்தியின் வண்டி. பழைய நூறு சிசி. அந்த அம்மாள் தினம் காலையில் அதைத் துடைத்து ஸ்டார்ட் பண்ணி வைப்பாராம். பண்ணினால் ரேஸ் ஏறிக்கொள்கிறது, இறங்குவதே இல்லை. இரண்டு மெக்கானிக்குகள் பார்த்துக் கைவிட்டாயிற்று. அந்தச் சத்தத்தைக் கேட்டாலே கணவர் சம்பந்தம் செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கிப் போய்விடுகிறார். சாயங்காலத்துக்குள் சத்தம் அடங்கவில்லை என்றால் வண்டியைக் காயலான் கடையில் போட்டு உடைக்கப்போவதாகச் சொல்லிவிட்டார்.

"எம் புள்ளையோடது இது ஒண்ணுதான் மிச்சம், தம்பி. ஒடைக்க வுட்றாதே."

"ரேஸ்தானேக்கா? என் கைல அடங்காத ரேஸே கெடையாது. நீ போய் சாப்ட்டு வா."

அந்த அம்மாள் போனதும் கோபு வேலையை ஆரம்பித்தான். ஐடிலிங் ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்தினான். ரேஸ் இறங்கவில்லை. சோக் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தான், இல்லை. கார்பரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி ஊதினான். உள்ளே ரேஸைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடு வெண்ணெய் மாதிரி ஏறி இறங்கியது. ரப்பரில் எங்கேயாவது காற்று இழுக்கிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்த்தான். அதிலும் ஒரு குறையும் இல்லை.

மறுபடி ஸ்டார்ட் பண்ணிவிட்டு, பழக்கம் விடாமல் தலையைச் சாய்த்துக் கேட்டான். அப்போதுதான் முதல் முறையாக அவனுக்கு என்னவோ போல் ஆயிற்று.

ரேஸ் கோளாறு என்றால் சத்தம் ஒரே மட்டத்தில் நிற்கும். இது ஏறியது. கொஞ்சம் நின்றது. இறங்கியது. மூச்சு வாங்குவது போல ஓய்ந்து, மறுபடி ஏறியது. பட்டறைக்கு வந்த எந்த வண்டியும் இப்படிப் பண்ணி அவன் கேட்டதில்லை.

ஆக்சிலேட்டர் கேபிளைக் கார்பரேட்டரிலிருந்து கழற்றினான். டக்கென்று அடங்கியது. மாட்டினான். ஏறியது. கழற்றினால் அடங்குகிறது, மாட்டினால் ஏறுகிறது. அப்படியென்றால் மேலே கைப்பிடியில் யாரோ முறுக்குகிறார்கள் என்று அர்த்தம்.

கைப்பிடியில் யாரும் இல்லை.

கேபிள்தான் உள்ளே சிக்குகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். எஞ்சினை நிறுத்தினான். டேங்கைக் கழற்றித் தரையில் வைத்தான். புதுக் கேபிளை இழுத்து மாட்டினான். எண்ணெய் விடுவதற்காகக் கைப்பிடியைத் தொட்டவன், சட்டென்று கையை எடுத்துக்கொண்டான்.

சூடாக இருந்தது. வெயில் சூடு இல்லை, வண்டி நிழலில்தான் நின்றது. யாரோ வெகுநேரம் பிடித்திருந்துவிட்டு இப்போதுதான் விட்ட சூடு. ஈரமாகவும் இருந்தது. துணியால் துடைத்து முகர்ந்து பார்த்தான். வியர்வை... அதோடு ஏரிச் சேறு.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கலாம் என்று எழுந்தான். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டே கால்.

வண்டி ஸ்டார்ட் ஆனது.

கிக்கரில் யாரும் கால் வைக்கவில்லை. சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. டேங்க் அவன் காலடியில் இருந்தது.

டுர்ர்ர்ர்...

ஏறியது. நின்றது. இறங்கியது.

பிளக் கேப்பைப் பிடுங்கிப் போட்டான். நிற்கவில்லை. வேறு எதுவும் தோன்றாமல், கைப்பிடியை மூட வலது கையால் இறுக்கிப் பிடித்தான்.

அந்தக் கையை எடுக்க முடியவில்லை.

அவன் விரல்களுக்கு மேல் இன்னொரு கை மூடியது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு விரலாக மடங்கி இறுக்குவது தெரிந்தது. மணிக்கட்டு மெதுவாகத் திரும்பியது... அவனுடைய மணிக்கட்டு.

டுர்ர்ர்ர்ர்...

கத்த வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

நெஞ்சின் மேல் ஏதோ ஏறி உட்கார்ந்தது. முழு வண்டியின் கனம். மூச்சு உள்ளே போகவில்லை. முட்டி மடங்கி, வண்டியோடு சாய்ந்தான். கால் மரத்துப்போயிற்று. வாயில் சேறு கரித்தது.

எட்டடி தூரத்தில் வீடு. உள்ளே சரிதா பாத்திரம் தேய்க்கும் சத்தம்கூடக் கேட்கிறது. பக்கத்து இட்லிக் கடையில் ஞானம்மாள் யாரிடமோ பேசிச் சிரிக்கிறாள்.

கூப்பிட வழியில்லை. உடம்பில் அந்த ஒரு கைதான் அசைந்தது.

முறுக்கினான். அவனேதான் முறுக்கினான்.

டுர்ர்ர்ர்... வாங்களேன்...

டுர்ர்ர்ர்... யாராவது...

ஒருவரும் வரவில்லை.

மெக்கானிக் பட்டறையில் வண்டி கத்தினால் யார் எட்டிப் பார்ப்பார்கள்? கோபு ரேஸ் பண்ணிப் பார்க்கிறான் என்று ஞானம்மாள் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாளாம். சரிதா எரிச்சலில் பின்கதவைச் சாத்தினாள். அவள் தாழ்ப்பாள் போடுகிற சத்தம்கூட அவன் காதில் விழுந்தது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் கத்திவிட்டு, எஞ்சின் தானாக நின்றது. கை விடுபட்டது.

சத்தம் நின்ற பிறகுதான் சரிதா டீ டம்ளரோடு வெளியே வந்தாள். வேலை முடிந்ததா என்று கேட்டாள். அவன் சுவரில் சாய்ந்து, வீங்கிப்போன கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பயந்துபோய் ஐஸ் வைத்துக் கட்டினாள். இட்லிக் கடையில் இருந்த ஒருவர் டேங்கையும் பிளக் கேப்பையும் மாட்டிக் கொடுத்தார்.

சாயங்காலம் கங்கையம்மாள் வந்து தானே சாவியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணினார். டுப்... டுப்... டுப்... ஷோரூமிலிருந்து இறக்கின வண்டி போல அடங்கி ஓடியது. அந்த அம்மாள் சீட்டின் மேல் தலையை வைத்து அழுதுவிட்டார்.

அழுகை ஓய்ந்ததும் யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

"ஸ்பாட்லயே போய்ட்டான்னு ஊர் சொல்லுது தம்பி. பொய்யி. ரொம்ப நேரம் உசுரோட இருந்துருக்கான்னு டாக்டர் சொன்னாரு."

கரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வாய்க்காலில் வண்டி சரிந்து, அவன் நெஞ்சை அழுத்திக்கொண்டு கிடந்திருக்கிறது. கத்த முடியவில்லை. வலது கை மட்டும்தான் வெளியே இருந்தது. யாராவது வருவார்கள் என்று ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறான். சாயங்காலம் போலீஸ் வந்து பார்த்தபோது சாவி ஆனில் இருந்தது, டேங்கில் ஒரு சொட்டு இல்லை. கைப்பிடியிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க முடிந்ததாம்.

"ஒரு அரை மணி முன்னாடி தூக்கியிருந்தா பொழச்சிருப்பானாம். கரையைத் தாண்டினா வூடுங்கதான். ஒருத்தர் காதுலயுமா வுழல?"

கோபுவின் வீங்கிய கையைத் தடவிக் கொடுத்துவிட்டு, நல்லா இரு தம்பி என்று வாழ்த்திவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த சரிதா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க... அந்தச் சத்தத்தை நாம கேட்டோம்."

ஆயுத பூஜை அன்று மதியமும் மணி இரண்டே கால்தான் இருக்கும். படையல் முடிந்து, சந்தனமும் குங்குமமும் வைத்த ஸ்பேனர்கள் சாமி முன்னால் இருந்தன. கரைக்குப் பின்னாலிருந்து ஒரு வண்டி விட்டுவிட்டுக் கத்தியது. யாரோ மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள் போல, ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அவள்தான் சொன்னாள். அவன் பாயில் சாய்ந்தபடியே, தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"ஸ்லைடு மாட்டிக்கினு கீது. இன்னிக்கு ஸ்பேனர் தொடக் கூடாது. பெட்ரோல் தீந்தா தானா நின்னுடும், வுடு."

ஒரு மணி நேரத்துக்கு மேல் கத்திவிட்டு அது நின்றது. நான் சொன்னேனா இல்லையா என்று சிரித்துக்கொண்டே, இன்னும் கொஞ்சம் பொரி கேட்டு வாங்கித் தின்றான்.