கிரீவின் தொப்பியும் வெர்னாவின் கத்தரியும்

வெர்னா ஹோக் ஹாலிவுட்டில் முப்பத்தோரு வருஷம் படம் வெட்டி ஒட்டியவள். அதே ஸ்டூடியோவில் படம் ஓட்டியவன் நான். அவளைப் பற்றிச் சொல்ல எனக்கில்லாத உரிமை யாருக்கு இருக்கிறது?

அவள் வெட்டியது பெரும்பாலும் டைரக்டர் ஆல்டன் கிரீவின் படங்கள். கிரீவ் அழுத்தக்காரர். வேண்டியது கிடைத்த நொடியே தொப்பியைக் கழற்றிக் கேமராவின் கண்ணை மூடிவிடுவார். ஓரடி பிலிம்கூட மிஞ்சாது. ஸ்டூடியோ முதலாளி கெட்டில் என்பவர் தலைகீழாக நின்றாலும் வேறு மாதிரி வெட்ட வழியிருக்காது.

கடைசிப் படத்தில்தான் வந்தது வினை. மகனை ரயிலேற்றிவிட்டு ஒரு விதவை சும்மா நிற்பாள். அதோடு படம் முடியும். அன்று கிரீவுக்குக் கை நடுங்கி, தொப்பி தாமதமாக வந்தது. காட்சி முடிந்ததென்று நடிகை சிரித்த சிரிப்பும் பதிவாகிவிட்டது. மறுநாள் அதை ஓட்டியவன் நான். பார்த்தவள் வெர்னா மட்டும். அடுத்த வாரம் கிரீவ் ஆஸ்பத்திரியில் படுத்தார்.

பக்கத்து ஊர் பொமோனாவில் படத்தை வெள்ளோட்டமாகப் போட்டுப் பார்த்தபோது ஜனங்கள் தொங்கிய முகத்தோடு வெளியே வந்தார்கள். கெட்டில் கொதித்துப்போனார். அந்த நேரம் பார்த்து நடிகை, நான் அங்கே சிரித்தேனே என்று சொல்லித் தொலைத்தாள். படம் சந்தோஷமாக முடியட்டும், அந்தச் சிரிப்பைக் கடைசியில் ஒட்டு, இல்லாவிட்டால் நாளையிலிருந்து வராதே என்று வெர்னாவுக்கு உத்தரவு வந்தது. அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது.

"இருக்கறத அப்படியே போட்டுக் காட்டுறேன் சார். நீங்களே பாருங்க" என்றாள், அலட்டிக்கொள்ளாமல்.

ஓட்டினேன். விதவையின் முகம். உடனே நடுங்கும் தொப்பி விளிம்பு, அதன் பின்னால் கொஞ்சம் பல், பிறகு இருட்டு. நடுவில் சுத்தமாக இருந்த பத்தடிச் சிரிப்பைக் காணோம். ஒட்டிய இடம் என் கண்ணுக்கே தெரியவில்லை.

கெட்டில் என் பக்கம் திரும்பினார். "இவ்வளவுதானா?"

ரீலைச் சுற்றிக்கொண்டே சொன்னேன். "அன்னைக்கும் இவ்வளவுதான் சார்."

"படுத்துக்கிட்டே ஜெயிச்சுட்டான் கிழவன்" என்று சொல்லி எழுந்து போனார். பழைய முடிவே நிலைத்தது.

கிரீவ் போய்ச் சேர்ந்தார். இன்று அந்த முடிவைக் கல்லூரியில் பாடமாக வைத்திருக்கிறார்கள். போன வருஷம் வெர்னாவைப் பேசக் கூப்பிட்டார்கள். கிரீவ் எப்போதாவது தடுமாறியதுண்டா என்று ஒரு மாணவி கேட்டாள். ஒரு தடவைகூட இல்லை என்றாள் வெர்னா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அத்தனை பேரும் கிரீவுக்குக் கைதட்டினார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பும்போது காரில் அவளைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். அந்த முடிவைக் காப்பாற்றியது நீ, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கத்தரி பட்ட எடம் தெரிஞ்சுட்டா, அப்புறம் நான் என்னய்யா வெட்டுக்காரி?" என்றாள் வெர்னா.