ஜீப்பின் முன்னால் தொங்கிய பொம்மை

பயப்படுவதற்கென்றே டிக்கெட் எடுத்துப் போய், பயமே வரவில்லை என்று கோபித்துக்கொண்டு திரும்பியவர் என் மாமா. முன்பு வந்த ஒரு பேய்ப் படத்தில் ஒரு பொம்மை கொஞ்ச நேரம்தான் வரும். ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். அதற்கே ஊர் அலறியது. அதற்கென்று தனியாக ஒரு படம் எடுத்தால் எப்படி இருக்கும் என்று சொல்லிச் சொல்லியே மாமா என்னைப் பாதி கொன்றிருந்தார். அந்தப் பொம்மைக்கென்றே எடுத்த வெள்ளைக்காரப் படம் தமிழ் பேசிக்கொண்டு போடிக்கு வந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு என்னைக் கூட்டிப் போனார். நான் அப்போது நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. ஜீப் ஓட்டுகிறவர். ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்களை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மலைக்குப் போவார், பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அந்தப் பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி. அப்பா திருப்பூரில் வேலையில் இருந்ததால் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான்.

படத்தில் பொம்மை எழுந்திருக்கவே இல்லை. நாற்காலியில் இருந்தது, கட்டிலில் இருந்தது, மறுபடியும் நாற்காலிக்கே வந்து சேர்ந்தது. கதவு தானாகத் திறக்கும், எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள், பார்த்தால் காற்றாக இருக்கும். இடைவேளைக்குப் பிறகு முன்வரிசையில் ஒருவர் பொறுக்கமாட்டாமல், "ஆத்தா, எந்திரிச்சு ஏதாச்சும் செய்யி, நாங்க வீட்டுக்குப் போகணும்ல" என்றார். தியேட்டரே சிரித்தது. மாமாவும் சிரித்தார், அப்புறம் தூங்கிவிட்டார். நான் மட்டும் காலை இருக்கைமேல் தூக்கி வைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தேன்.

எனக்கு இருந்த காரணம் அவர்களுக்கு இல்லை. அந்தக் கதையில் ஒரு அம்மா தன் மகளின் பொம்மையைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிடுகிறாள். பொம்மை அந்த அம்மாவைத் தேடி வருகிறது. என் அம்மாவும் என் பொம்மையைக் கொடுத்திருந்தாள்.

அது திருவிழாக் கடையில் வாங்கியது. படுக்கவைத்தால் கண்ணை மூடும். முந்தின மழைக்காலத்தில் மலைப்பாதை வளைவு ஒன்றில் வேறொரு ஜீப் உருண்டது. அதைக் கேள்விப்பட்ட கையோடு அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பொம்மையை எடுத்து மாமாவிடம் நீட்டினாள். அவர் அதைக் கறுப்புக் கயிற்றால் ஜீப்பின் முன்கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். எங்கள் பக்கம் வண்டிகளில் பொம்மை கட்டுவது வழக்கம்தான். வண்டிமேல் படும் கண்ணை அது வாங்கிக்கொள்ளும் என்பார்கள். நான் அழுது பார்த்துவிட்டு மறந்துபோனேன். படம் விட்டு வீட்டுக்கு வந்து, வாசலில் நின்ற ஜீப்பின் முன்னால் அதன் முகத்தை மறுபடி பார்த்தேன். மழையில் முடி கொட்டி, ஒரு கண் மூட முடியாமல் நின்றுபோயிருந்தது. அதுவும் ஒன்றும் செய்யாமல்தான் இருந்தது.

மாமா டீ குடிக்கப் போன நேரத்தில், பென்சில் சீவும் பிளேடால் கயிற்றை அறுத்தேன். பொம்மையைத் தொட்டபோது உடம்பெல்லாம் கூசியது. கொல்லையில் விறகுக் கட்டுகளுக்குப் பின்னால் மல்லாக்கப் படுக்கவைத்தேன். ஒரு கண் மூடியது. இன்னொரு கண்ணின் மேல் ஒரு சிராய்த் துண்டை வைத்துவிட்டு ஓடிவந்தேன். அம்மா பிழைத்தாள் என்று நிம்மதியாக இருந்தது.

மறுநாள் விடியலில் ஜீப்புச் சத்தம் கேட்டு எழுந்து வாசலுக்குப் போனேன். சாப்பாட்டுத் தூக்கும் மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் தாளுமாகப் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஏறவில்லை. வண்டியின் முன்னால் போய், பார்க்காமலே கையை நீட்டினாள். தினமும் அந்தப் பொம்மையின் காலைத் தொட்டுவிட்டுத்தான் ஏறுவாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கையில் அறுந்த கயிறுதான் தட்டுப்பட்டது.

எங்காவது அந்து விழுந்திருக்கும், சாயங்காலம் வேறு வாங்கிக் கட்டிக்கொள்ளலாம், வெரசா ஏறு என்றார் மாமா.

"அது இல்லாம எப்படிடா ஏறுறது?" என்றாள் அம்மா. சத்தமாகச் சொல்லவில்லை. அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. தோட்டத்துக்கு நேரமாகிறது என்று உள்ளிருந்து யாரோ சொன்னார்கள். அம்மா கயிற்று நுனியை ஒரு தரம் பிடித்துவிட்டு ஏறிக்கொண்டாள். பொம்மை கொல்லையில் இருக்கிறது என்று சொல்ல என் வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அது மறுபடி அம்மாவோடு போகும். சொல்லாவிட்டால் அம்மா அது இல்லாமல் போவாள். இரண்டில் எது பெரிய ஆபத்து என்று நான் யோசிப்பதற்குள் ஜீப் தெருமுனை திரும்பிவிட்டது.

அன்று பள்ளிக்கூடத்தில் ஒன்றும் காதில் ஏறவில்லை. ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கி மலையே இல்லாமல் போயிற்று. சாயங்காலம் ரோட்டோரம் போய் நின்றேன். மற்ற ஜீப்புகள் வந்தன. எங்கள் ஜீப் வரவில்லை. இருட்டத் தொடங்கியது. வீட்டுக்கு ஓடி, விறகுக்குப் பின்னால் கையை விட்டு அந்தப் பொம்மையை இழுத்தேன். அதைப் பிடிக்காத பிடியாகப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கே திரும்பி வந்தேன். அம்மாவை விட்டுவிடு, வேண்டுமானால் என்னோடு இரு என்று அதனிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். பயத்தில் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜீப் வந்தது. ஒரு வளைவில் மரம் சாய்ந்து பாதை அடைத்துக் கிடந்ததாம், அவ்வளவுதான். அம்மா நனைந்துபோய் இறங்கினாள். முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு என் நெஞ்சோடு இருந்த பொம்மையைப் பார்த்தாள்.

"நீதான் அறுத்தியா?"

"அது ஒன்னையப் பிடிச்சுக்கிரும்னு…" என்றேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது. அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை.

மாமாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "பாழாப்போன படம்க்கா. அதுல பொம்மை ஒண்ணுமே செய்யல, சும்மாவே ஒக்காந்திருந்துச்சு. இதுக்குப் போயி இவ பயந்திருக்கா."

"சும்மா இருக்கட்டும்டா. ஒண்ணும் நடக்காம இருந்தாப் போதும்" என்றாள் அம்மா. என் கையிலிருந்து பொம்மையை வாங்கி, முந்தானையால் அதன் முகத்தில் ஒட்டியிருந்த விறகுத் தூசியைத் துடைத்தாள். அவள்மேல் ஏலக்காயும் ஈரமும் மணத்தன. மலைக்குப் போக உனக்குப் பயமா என்று கேட்டேன்.

"எனக்கென்னடி பயம்" என்றாள்.

ஜீப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்து, மாமாவிடம் புதுக் கயிறு வாங்கி, பொம்மையை அவளே கட்டினாள். ஒரு முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். அதன்மேல் இன்னொன்று போட்டாள், அதன்மேல் இன்னொன்று. கயிறு தீர்ந்துபோகும்வரை அவள் கை நிற்கவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான், இத்தனை முடிச்சும் நான் இனிமேல் அறுக்கக்கூடாது என்பதற்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.