கம்பி கட்டிய தாடைக்குச் சோயாப் பால்

கள்ளுக்கடை வாசலில் சக தொழிலாளி சின்னையா வீசிய காண்டாக் கம்பு சன்னாசி மச்சானின் தாடையை இரண்டு இடத்தில் உடைத்தது. ரப்பர்ப் பால்வாளி சுமக்கிற கம்பு அது. முன்பற்கள் இரண்டு மண்ணில் விழுந்தன. முந்தின வாரம் மச்சான் அவன் மூக்கை உடைத்திருந்தார், கணக்கு அவ்வளவுதான். இது 1978இல், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நடந்தது. சன்னாசி என் அக்கா செல்லாயியின் கணவர். நானும் அவர்களோடுதான் இருந்தேன்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டினார்கள். ஆறு வாரம் வாய் திறக்கக்கூடாது. பல் போன சந்தில் ரப்பர்க் குழாயை நுழைத்துக் குடிப்பதுதான் சாப்பாடு.

அடிபட்ட உடம்புக்குப் பத்தியம் என்று லயத்து வீடுகளில் எல்லாரும் சொல்ல, அக்காவும் கஞ்சித் தண்ணீரையே கொடுத்தாள். காட்டுப்பன்றிக் கறி தின்று வளர்ந்த உடம்பு இரண்டு வாரத்தில் எலும்பாகிவிட்டது. ஈறு சீழ் வைத்தது. வாயைக் கட்டியதும் அவர் பேச்செல்லாம் கைக்கு வந்துவிட்டது. கஞ்சி சூடானால் ஓர் அறை, ஆறினால் ஓர் அறை. சாயங்காலங்களில் பாராங் கத்தியைத் தீட்டுவார். கம்பி அறுக்கிற அன்று சின்னையா கழுத்தையும் அறுப்பேன் என்று பல்லுக்குள்ளேயே முனகுவார். இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு, புருஷனைத் தூக்குக் கயிற்றுக்குக் கொடுத்துவிடுவோமோ என்று அக்கா நடுங்கினாள்.

மறுபரிசோதனையில் எலும்பு கூடவேயில்லை. யாழ்ப்பாணத்துக்காரியான நர்ஸ் சந்திரமதி மிஸ்ஸி அக்காவைத் திட்டினார்.

"பத்தியத்தைத் தூக்கிப் போடுங்கோ. சோயாப் பால் குடுங்கோ. இறைச்சியில இருக்கிற சத்து அதிலயும் இருக்கு."

பிறகு பல்கலைக்கழகத்தில் நானும் அதைப் படித்தேன். எங்கள் லயத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்கள் அத்தனையும் சோயாப் புரதத்தில் உண்டு. பச்சையாகக் குடித்தால் வயிற்றைக் கெடுக்கும், நன்றாகக் கொதிக்க வேண்டும். அக்கா அதைத் தவ்பூ என்ற சோயாக் கட்டி விற்கும் சீனரிடம் கேட்டே தெரிந்துகொண்டாள். சோயாப் பயற்றை ஊறவைத்து ஆட்டி, துணியில் பிழிந்து காய்ச்சினாள்.

முதல் கிண்ணம் அவள் நெற்றியில் வந்து மோதியது. நான்கு தையல். சீனன் பாலைக் குடிக்க நான் என்ன கைக்குழந்தையா என்று முனகினார். மறுநாள் சட்டியையே உதைத்துத் தள்ளினார். மூன்றாம் நாள் அக்கா குழாயை அவர் பல்சந்தில் வைத்தாள்.

"குடிங்க. குடிச்சாதான் அவன வெட்டத் தெம்பு வரும்லா."

குடித்தார். நாளுக்கு நான்கு வேளை குடித்தார். ஈறு ஆறியது, தோளில் சதை பிடித்தது, பாராங்கை வீசிப் பார்க்கும் கை நடுங்கவில்லை. அதற்குள் சின்னையா பாகான் டத்தோ தென்னந்தோட்டத்துக்கு மாற்றல் கேட்டு, மாதக் கடைசியில் கிளம்பத் தயாராக இருந்தான். அதற்கு இன்னும் பதினோரு நாள் இருந்தபோது கம்பியை அறுத்தார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டதென்று டாக்டர் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் மச்சான் பாராங்கை எடுத்தார். அக்கா வாசலை மறித்தாள். பிடரியைப் பிடித்து அவளைச் சுவரில் மோதிவிட்டுப் படியிறங்கினார். அவள் எழுந்து, அடுப்படி ரப்பர் விறகுக் கட்டையை எடுத்து வந்து அவர் வலது மணிக்கட்டில் போட்டாள். கத்தி விழவில்லை. மறுபடி போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் உள்ளே நின்ற எனக்கே கேட்டது.

அவர் இடது கையை ஓங்கினார். அக்கா நகரவில்லை.

"அடிங்க. இந்த ஒடிஞ்ச கைக்கும் நாந்தான் பால் காய்ச்சணும்."

ஓங்கிய கை அப்படியே நின்றது.

தோட்ட ஆஸ்பத்திரியில், கை எப்படி முறிந்தது என்று காயம் கட்டும் டிரசர் கேட்டார். வழுக்கி விழுந்தேன் என்றார் மச்சான்.

"விழல. நாந்தான் அடிச்சேன்," என்றாள் அக்கா. "கத்தி புடிக்க எத்தன நாளாவும் டிரசரே?"

"ஆறு வாரத்துக்குக் கொறையாது."

"போதும்," என்றாள் அக்கா.