எள்ளுச் சோற்றுச் சாட்சி

பனியன் கம்பெனிக்குப் பின்னால் என் கணவரை ஒருவன் குத்திக் கொன்றான். அதை நேரில் பார்த்தது, கூட வேலை செய்த சாந்தி மட்டும்தான்.

"ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தோமுங்க. அவரு டப்பாவுல எள்ளுச் சோறுங்க" என்று கோர்ட்டில் சொன்னாள். அன்று நான் கட்டிக்கொடுத்தது எள்ளுச் சோறுதான். நானும் கூண்டேறி அதைச் சொன்னேன்.

ஆணும் பெண்ணும் தனித்தனியாகச் சாப்பிடும் கம்பெனியில் அவள் அவரோடு இருந்ததை நம்ப முடியாது என்று ஜட்ஜ் அவனை விடுதலை செய்தார். அழுதுகொண்டே வெளியே வந்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அவர் அவளோடு சாப்பிடவில்லை என்று ஜட்ஜே சொல்லிவிட்டாரே!

அரசு அப்பீல் செய்து, அவனுக்குத் தண்டனை கிடைத்தது. "உங்க சாட்சியும் அந்தம்மா சாட்சியும் பொருந்துதுங்க. அவங்க அவருகூட இருந்தது உண்மைன்னு ஹைகோர்ட்டே சொல்லிருச்சுங்க" என்றார் வக்கீல்.

கொன்றவன் ஜெயிலில் இருக்கிறான். ஆனாலும், அவள் சொன்னது பொய்யாக இருந்திருக்கக் கூடாதா என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது.