வெள்ளிக்கிழமை நாலு மணிப் போன்

நேற்று சாயங்காலம் என் மாமியார் செபக்கூட்டத்துக்குப் போயிருந்தார்.

(இதில் பதிவு போட என்ன இருக்கிறது என்கிறீர்களா? மெதுவாக வாருங்கள்.)

என் வீட்டுக்காரருக்கு வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை. வெள்ளிக்கிழமை படகு போகாது. அன்றைக்கு நாலு மணிக்குக் கார்டு போட்டுக் கூப்பிடுவார்.

முதலில் பேசுவது மாமி. ஊரில் யாருக்குக் கல்யாணம், எந்த வலையில் எவ்வளவு மீன், பக்கத்து வீட்டு நாய் யாரைக் கடித்தது எல்லாம் ஒப்பிப்பார். பிறகு மாமா. பிறகு நாத்தனார், அவள் பிள்ளைகள். கடைசியில் போன் என் கைக்கு வரும்போது சூடாக இருக்கும். குடும்பமே என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"சொகமா?"

"சொகந்தான்."

"சாப்டியா?"

"சாப்டேன்."

"அப்போ வச்சிரட்டா? கார்டு தீரப் போவுது."

அவ்வளவுதான் எங்கள் காதல் கதை. இந்த மனுஷனுக்கு என்மேல் பிரியம் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். ஒவ்வொரு வெள்ளியும் அடுப்படியில் நின்று வெங்காயத்தின்மேல் பழிபோட்டு அழுவேன்.

போன மாதம் நிலைமை இன்னும் மோசம். லீவில் வந்திருந்தவர் திரும்பிப் போன சில வாரத்தில் எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் உறுதியும் செய்தாயிற்று. இதை முதலில் அவரிடம்தான் சொல்ல வேண்டும், என் வாயால் சொல்ல வேண்டும். எஸ்எம்எஸ் அனுப்பலாமே என்று அறிவுரை சொல்ல வராதீர்கள், இதையெல்லாமா எஸ்எம்எஸ்ஸில் சொல்வார்கள்?

அந்த வெள்ளியும் "சாப்டியா"வோடு கார்டு தீர்ந்துவிட்டது.

மறுநாள் காலை குழாயடிக்குப் போனால், பக்கத்து வீட்டு ஷைனிக்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவள் வீட்டுக்காரரும் அங்கேதான், என் ஆளோடு ஒரே அறை.

"என்னட்டி ஆச்சு?" என்றேன்.

"அவியளுக்கு என்மேல ஆசையே இல்ல மக்கா. சொகமான்னு கேக்காவ, வச்சிருதாவ."

பின்னால் குடத்தோடு நின்ற சகாயம் (அவள் ஆளும் வளைகுடாவில்தான்) சொன்னாள், "ஒனக்குச் சொகமான்னாவது கேக்காவ. எனக்கு அலோ சொல்லதுக்குள்ள கட் ஆயிருது."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு சிரித்த சிரிப்பில் குடம் நிறைந்து தண்ணீர் வழிந்ததுகூடத் தெரியவில்லை.

நான் தபால் வழியில் சமூகவியல் எம்.ஏ. படிக்கிறேன் (நம்புங்கள்). முதல் பாடமே இதுதான். ஒருத்திக்கு வயிற்றுவலி என்றால் மாத்திரை கொடுக்கலாம், தெருவுக்கே வயிற்றுவலி என்றால் குடிக்கிற தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். பரீட்சைக்காக அடிக்கோடு போட்டு மனப்பாடம் செய்திருந்தேன். என் வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று தோன்றவேயில்லை. தெருவிலுள்ள அத்தனை ஆம்பிளைகளுக்கும் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஒன்றுபோல் பிரியம் வற்றிப்போகுமா என்ன?

பிரியத்தில் குறையில்லை. பிரியத்தைச் சொல்லத்தான் இடமில்லை.

எங்கள் தெரு அன்பியம் (தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்களின் செபக்குழு) புதன்கிழமைதோறும் ஏதாவது ஒரு வீட்டில் கூடிச் செபிக்கும். எந்த மாமியாரும் தவறவிட மாட்டார். நாங்கள் மூவரும் அதை நடத்தும் சிஸ்டரிடம் போனோம். கூட்டத்தை வெள்ளி மூன்றரைக்கு மாற்ற முடியுமா?

"ஏன் வெள்ளிக்கிழம?" என்றார் சிஸ்டர்.

ஷைனி கண்ணை மூடித் திறந்தாள். "ஆண்டவர் பாடுபட்ட நாளாச்சே சிஸ்டர்."

சிஸ்டர் எங்கள் பக்தியில் உருகிப்போனார். (பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறோம்.)

நேற்று நாலு மணி. போன் அடித்தது. வீட்டில் நான் மட்டும்.

"அம்ம எங்க?"

"செபத்துக்குப் போயிருக்காவ. எல்லாரும்."

"அப்பா?"

"கடக்கரையில."

குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார், "அப்போ நீ மட்டுமா இருக்க?"

"ஆமா. பேசுங்க."

"எப்பிடிட்டி பேச? இங்க ரூம்ல எல்லாவனும் காத நீட்டிக்கிட்டு கெடக்கானுவ."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அங்கேயும் அதே கதை! இத்தனை நாளும் அவருக்கும் பேச ஆசைதான், அவர் வாயைப் பார்க்கவும் ஒரு கூட்டம் இருந்திருக்கிறது. அதற்குமேல் காத்திருக்கவில்லை. சொல்லிவிட்டேன்.

மறுமுனையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. கார்டு தீர்ந்ததென்றே நினைத்தேன். அப்புறம் அவர் குரல் கேட்டது, எனக்கில்லை, அறையில் இருந்தவர்களுக்குச் சொன்னது.

"ஏலே, நான் அப்பனாவப் போறம்லே."

அங்கே எழுந்த கூச்சல் எங்கள் வீட்டுக் கூரையில் மோதியது. உண்மையிலேயே கார்டு தீரும் நேரத்தில் யாரோ கத்துவது கேட்டது, "எங் கார்டுல பேசுலே!" கூட்டாளிகள் கார்டுகளில் மாறி மாறி அரைமணி நேரம் பேசினோம். என்ன பேசினோம் என்று சொல்ல மாட்டேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். அதே அறையில்தானே ஷைனியின் வீட்டுக்காரரும்? அவர் உடனே ஷைனிக்குப் போன் போட, அவள் தலைதெறிக்கச் செபவீட்டுக்கு ஓடியிருக்கிறாள்.

மாமி செபமாலையைப் பாதியில் கையில் சுருட்டியபடியே வந்து நின்றார்.

"ஊருக்கெல்லாம் தெரிஞ்ச பொறவாட்டி எனக்கு?" அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் சிலுவை வரைந்தார்.

"அடுத்த வெள்ளியும் நான் செபத்துக்குத்தான் போவேன். நீ ஆற அமரப் பேசு. ஆனா வந்த ஒடனே அவன் என்னென்ன சொன்னாம்னு ஒண்ணு விடாம எனக்குச் சொல்லிரணும்."

ஆக மக்களே, உங்கள் தெருவில் எல்லோரும் தனித்தனியாக அடுப்படியில் அழுகிற விஷயம் ஒன்று கட்டாயம் இருக்கும். அது என்ன? கமெண்டில் சொல்லுங்கள்.

(மாமி பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டுமாம்.)